யார் ஏற்கும் பட்டம்? பென்னாகரத்துப் பிள்ளைகளும் தனியார் இறையியல் கல்லூரிகளும்

பிளஸ் டூ முடிவு வருகிற மே மாதத்தில் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்துச் சிறு சபைகளுக்கு வண்ண நோட்டீஸ்கள் வரத் தொடங்கும். ஓராண்டு சி.டி.எச்., ஈராண்டு டிப்ளமா, மூன்றாண்டு பி.டி.எச்., அதற்கு மேல் எம்.டிவ். என்று படிப்புகள் வரிசையாக அச்சாகியிருக்கும். கீழே கட்டம் போட்டு 'அரசுப் பதிவு பெற்றது', 'சர்வதேச அங்கீகாரம்', 'உணவும் விடுதியும் இலவசம்' என்ற மூன்று வரிகள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அதைப் பெற்றோர் கையில் கொடுப்பார். "தம்பிக்கு ஊழிய பாரம் இருக்குதே, பைபிள் காலேஜுக்கு அனுப்பலாமே" என்பார். அழைப்பு உண்டா இல்லையா என்பதை ஜெபித்துத் தெரிந்துகொள்ளட்டும். இந்தக் கட்டுரையில் அதற்கு வேலையில்லை. ஆனால் அந்த மூன்று வரிகளின் மெய்ப்பொருளை ஜெபத்தால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. விசாரித்துத்தான் ஆக வேண்டும்.

தனியார் இறையியல் கல்லூரி என்று நான் இங்கே சொல்வது, சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற திருச்சபைகளின் கட்டுப்பாட்டிலோ கத்தோலிக்க மறைமாவட்டத்தின் கீழோ இல்லாமல், ஒரு டிரஸ்டோ ஒரு ஊழியக் குடும்பமோ நடத்துகிற வேதாகமக் கல்லூரியை. கத்தோலிக்கக் குருமாணவனுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. அவனைத் தேர்ந்தெடுப்பதும், ஆண்டுக்கணக்கில் படிக்க வைப்பதும், முடித்தபின் பங்கு கொடுப்பதும் மறைமாவட்டமே. தருமபுரிக்கு 1997 முதல் தனி மறைமாவட்டம் இருக்கிறது. சி.எஸ்.ஐ.யிலும் பேராயம் முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது, பிறகுதான் கல்லூரி. தனியார் கல்லூரியில் இந்த வரிசை தலைகீழ். முதலில் படிப்பு, வேலை எங்கே என்பது பிறகு. சிக்கல்கள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன.

பென்னாகரத்துப் பிள்ளைக்கு இது ஏன் கூடுதல் சிக்கல்? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், தருமபுரி மாவட்டத்தில் அதைவிட மிகக் குறைவு. கன்னியாகுமரியிலோ தூத்துக்குடியிலோ வீதிக்கு ஒரு ஆயர் உறவினர் இருப்பார், எந்தக் கல்லூரி எப்படி என்று கேட்டால் சொல்லிவிடுவார். இங்கே பெரும்பாலும் முதல் தலைமுறை விசுவாசிகள். அதே கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டமும் தருமபுரிதான், 68.5 சதவீதம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவனே இறையியல் கல்லூரி வாசலையும் மிதிக்கிறான். தமிழ் மிஷனரி இயக்கங்கள் இந்த மாவட்டத்துக்கு ஆள் அனுப்பத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. நெல்லைச் சீமையில் பிறந்த நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு 1960களின் பிற்பகுதியில் தன் ஊழியத்தைத் தொடங்கியதே தருமபுரி மாவட்டப் பெரியமலைப் பகுதியில்தான். ஊழியர்கள் இங்கே வந்தார்களே தவிர, இங்கிருந்து படிக்கப் போகிறவனுக்கு வழிகாட்ட ஆள் சேரவில்லை.

முதலில் 'அரசுப் பதிவு' என்ற வரி. டிரஸ்ட் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாலும், 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி சங்கமாகப் பதிவு செய்தாலும் 'அரசுப் பதிவு' வந்துவிடும். ரசிகர் மன்றத்துக்கும் அந்தப் பதிவு கிடைக்கும். பட்டம் கொடுக்கும் உரிமை வேறு. 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி மத்திய, மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றச் சட்டத்தால் தனி அதிகாரம் பெற்ற நிறுவனம் ஆகியவையே பட்டம் வழங்கலாம். மீறினால் தண்டனை என்ன தெரியுமா? ஆயிரம் ரூபாய் வரை அபராதம். 1956இல் அது பெரிய தொகை. இன்று ஒரு பட்டமளிப்பு விழாவின் மாலைச் செலவுக்குக்கூடக் காணாது. அதனால்தான் யாரும் அஞ்சுவதில்லை.

இந்தியாவில் இறையியல் பட்டத்துக்குச் சட்டத்தில் வேர் உள்ள இடம் வங்காளத்திலுள்ள செராம்பூர். கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மூன்று மிஷனரிகளும் 1818இல் தொடங்கிய கல்லூரிக்கு 1827இல் டென்மார்க் மன்னர் பட்டயம் அளித்தார். அப்போது அந்த ஊர் டேனியர் வசம். 1918இல் வங்காளச் சட்டம் ஒன்று அந்த உரிமையை உறுதி செய்தது. செராம்பூர் செனட்டின்கீழ் இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இயங்குகின்றன. மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை கீழ்ப்பாக்கம் குருகுல், பெங்களூரில் 1910இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரி எல்லாம் இந்த வகை. பி.டி. பட்டம் இவர்களுடையது. அதற்காக, செராம்பூர்ப் பட்டத்தை எல்லாப் பல்கலைக்கழகமும் எல்லாப் படிப்புக்கும் ஏற்றுவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. சேரப்போகிற பல்கலைக்கழகத்தின் இணைத்தன்மைக் குழுதான் அதைத் தீர்மானிக்கும்.

'சர்வதேச அங்கீகாரம்' என்பதில் இரண்டு ரகம். ஒன்று, 1970இல் தொடங்கிய ஆசிய இறையியல் கழகம் தருகிற தரச்சான்று. பாடத்திட்டம், நூலகம், ஆசிரியர் தகுதி, தேர்வு முறை எல்லாவற்றையும் நேரில் வந்து பார்த்துத் தருகிற சான்று அது. அரசு அங்கீகாரம் கிடையாது. ஆனால் நேர்மையான ஏற்பாடு. ஆசிய, மேலைநாட்டு இறையியல் நிறுவனங்கள் பலவற்றில் மேற்படிப்புக்கு மதிப்புண்டு. இரண்டாவது ரகம், அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரின் பெயரோடு வரும் 'பல்கலைக்கழகம்'. புளோரிடா போன்ற மாநிலங்களில் சமயக் கல்லூரிகள் அரசு உரிமம் பெறாமலே இறையியல் பட்டம் கொடுக்க விலக்கு இருக்கிறது. அந்த விலக்கை இங்கே அங்கீகாரம் என்று அச்சடித்து விடுகிறார்கள்.

டெக்சாஸில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. ஃபோர்ட் வொர்த் நகரில் இயங்கிய டிண்டேல் இறையியல் கல்லூரி, அனுமதியில்லாமல் பட்டம் கொடுத்ததாக மாநில உயர்கல்வி வாரியம் 1,73,000 டாலர் அபராதம் போட்டது. 2007இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் கல்லூரியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சமயப் போதகரை எப்படிப் பயிற்றுவிப்பது, அந்தப் பயிற்சிக்கு என்ன பெயர் சூட்டுவது என்பதில் அரசு தலையிடலாகாது என்பது சாரம். நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் மாணவன் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. பட்டம் கொடுக்கக் கல்லூரிக்கு உரிமை இருக்கலாம். அதை ஏற்றாக வேண்டிய கடமை வேறு யாருக்கும் இல்லை.

ஆகவே 'இந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா?' என்று மொட்டையாகக் கேட்டுப் பயனில்லை. யாரிடம் போய் நிற்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அவர்களிடம் கேட்க வேண்டும். சுதந்திரச் சபையிலோ பெந்தெகொஸ்தே சபையிலோ ஊழியம் என்றால், அந்தச் சபைத் தலைவர்கள் ஏற்றாலே போதும். டிரஸ்ட் நடத்தும் பி.டி.எச். தாராளம். சி.எஸ்.ஐ. ஆயராக வேண்டுமென்றால் தானாகப் போய்ப் படித்துவிட்டுப் பேராயத்தின் கதவைத் தட்டுவது அநேகமாகப் பலிக்காது. பள்ளி ஆசிரியர் வேலைக்கோ டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கோ டிரஸ்ட் தரும் சான்றிதழ் பட்டமாகக் கணக்கில் வராது. வங்கிகளின் கல்விக் கடன் திட்டமும் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கே. கல்லூரி முதல்வர் "எல்லாம் செல்லும் தம்பி" என்பார். அவர் சொல் அவருக்குச் செல்லும். பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிலை எழுத்தில் வாங்குவதே காரியம்.

இறையியல் படித்தவன் எங்கே போவான் என்ற கவலை நம் பக்கத்தில் புதிதும் இல்லை. தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு காலத்திலேயே, 1716இல், உபதேசியார்களைப் பயிற்றுவிக்கப் பள்ளி தொடங்கிவிட்டது. 1733இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டன்ட் திருச்சபையில் முதல் இந்தியக் குரு அவர். இவ்வரிசையில் மிக வேடிக்கையான கதை யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியுடையது. அமெரிக்க மிஷனரிகள் 1823இல் தொடங்கினார்கள். ஆங்கிலம், கணிதம், வானியல், தமிழ் எல்லாம் உயர்ந்த தரத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். விளைவு, படித்து முடித்த பையன்கள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். பாஸ்டனிலிருந்து தூதுக்குழு வந்து பார்த்தது. 1855இல் செமினரியை மூடிவிட்டார்கள். அங்கே படித்த கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். தாமோதரம்பிள்ளை பிறகு கலித்தொகையையும் வீரசோழியத்தையும் அச்சேற்றினார். மிஷனின் கணக்கில் அந்தச் செமினரி தோல்வி. தமிழின் கணக்கில் பெரும் வெற்றி.

இன்றைய தனியார் கல்லூரிகள் வட்டுக்கோட்டையின் நேர் எதிர்ப்புறம் நிற்கின்றன. படித்தவன் ஊழியத்தைத் தவிர வேறெங்கும் போகவே முடியாதபடி படிப்பு அமைந்திருக்கிறது. இருபத்திரண்டு வயதில் ஊழியத்தில் நிலைக்க முடியாமல் திரும்பி வருகிற பையனிடம், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைத் தவிர வெளியுலகம் ஏற்கும் தாள் ஒன்றும் இருப்பதில்லை. அவன் பெங்களூருக்கு பஸ் ஏறிக் கட்டட வேலைக்குப் போவதைத் தருமபுரி மாவட்டத்தில் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. ஊழியத்துக்கு உண்மையாக இருக்கப் பிழைப்புக்கு வழியில்லாமல் இருக்க வேண்டும் என்று எந்த வேதமும் சொல்லவில்லை. பவுலே கூடாரம் தைத்துப் பிழைத்தவர்.

படித்து முடித்து ஊரில் ஒரு சபை தொடங்குகிறான் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே காத்திருக்கும் இரண்டு சட்டங்களைப் பாடத்திட்டத்தில் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். முதலாவது 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். பேராயர் கையால் குருப்பட்டம் பெற்றவர் தம் சபை முறைப்படி திருமணம் நடத்தி வைக்கலாம். சுதந்திரச் சபைப் போதகருக்கு அந்த உரிமை தானாக வராது; மாநில அரசின் உரிமம் வேண்டும். இறையியல் சான்றிதழை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதால் உரிமம் வந்துவிடாது. அதிகாரமில்லாமல் நடத்தி வைத்தால் 68ஆம் பிரிவின்படி பத்து ஆண்டு வரை சிறை. இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள், மண்டபத்தில் ஜெபித்து ஆசீர்வதித்துவிட்டுப் பதிவுக்கு உரிமம் உள்ள வேறொரு போதகரின் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார்கள். நடத்தியவர் ஒருவர், கையெழுத்திட்டவர் இன்னொருவர். நாளைக்கு ஜீவனாம்ச வழக்கோ சொத்து வழக்கோ வந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன? தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம் என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பிரசங்கவியலுக்கு ஒரு பருவம் ஒதுக்குகிற கல்லூரி இதற்கு ஒரு வாரம் ஒதுக்கலாம்.

இரண்டாவது, கட்டடம். கிராம ஊராட்சிகளில் வழிபாட்டுக் கட்டடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று 1997ஆம் ஆண்டு ஊராட்சிக் கட்டட விதிகளிலேயே சொல்லப்பட்டது. பட்டா நிலம் சொந்தமாக இருந்தாலும் இதுதான் விதி. வீடு என்று பிளான் வாங்கிச் சபை நடத்தி, பிறகு ஆர்.டி.ஓ. விசாரணைக்கு அலைகிற போதகர்களின் பாடு ஊருக்கு ஊர் கேட்கிற சங்கதி.

சாதிச் சான்றிதழ் பற்றி நோட்டீஸ் எதுவும் பேசாது. 1950ஆம் ஆண்டு அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். பழங்குடியினருக்கு மதத்தால் இந்த இழப்பு இல்லை. நடைமுறையில் பலர் சான்றிதழில் இந்து, ஞாயிற்றுக்கிழமை விசுவாசி என்று இரட்டை வாழ்க்கை வாழ்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மதம் மாறினால் தீண்டாமை மறைந்துவிடும் என்று கருதுகிற அந்த ஆணைதான் குறையுள்ளது. ஆனால் 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு புதுச்சேரிப் பெண்ணின் வழக்கில் கறாராகச் சொல்லிவிட்டது: ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவத்தைக் கடைப்பிடிப்பவர், வேலைக்காக இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்று கேட்க முடியாது. இறையியல் கல்லூரி விண்ணப்பத்தில் ஞானஸ்நானத் தேதியும் போதகரின் பரிந்துரையும் கட்டாயம் கேட்பார்கள். மூன்றாண்டு இறையியல் படித்ததைவிடப் பெரிய ஆதாரம் வேறென்ன வேண்டும்? இட ஒதுக்கீட்டை நம்பியிருக்கிற குடும்பம் இதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

'இலவசம்' என்ற வரிக்கு வருவோம். சோறும் விடுதியும் இலவசமாகத் தருகிற கல்லூரிக்குப் பணம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். பல இடங்களில் அது வெளிநாட்டுக் காணிக்கை. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபின், ஒரு நிறுவனம் தான் பெற்ற நன்கொடையை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்ற முடியாது. நிர்வாகச் செலவு இருபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பணம் டெல்லி ஸ்டேட் வங்கியின் ஒரே கிளை வழியாகத்தான் வர வேண்டும். பெரிய டிரஸ்டிடம் வாங்கி நடத்திய சிறு கல்லூரிகளின் குழாய் இதனால் அடைபட்டது. அதற்கு முன்பே, குழந்தைகளுக்கு உதவிய கம்பேஷன் இன்டர்நேஷனல் போன்ற பெரிய அமைப்பே 2017இல் இந்தியாவை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆகவே, "பணம் யார் தருகிறார்கள், நின்றுபோனால் இரண்டாம் ஆண்டு மாணவன் என்ன செய்வான்?" என்று கேட்பது அவிசுவாசம் ஆகாது. பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் சேர வேண்டாம். மாணவர்களின் கையில் நன்கொடைப் புத்தகத்தைக் கொடுத்து வசூலுக்கு அனுப்புகிற இடமும் வேண்டாம். அசல் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்து வைக்கவே கூடாது. நகல் கொடுத்து, அசலைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பாதியில் விலகுகிறவனிடம் "செலவழித்த பணத்தைக் கட்டு, சான்றிதழைத் தருகிறோம்" என்று பேரம் பேசுவது எந்தத் துறைக் கல்லூரியிலும் அநியாயம். ஜெபத்தோடு தொடங்குகிற கல்லூரியில் இன்னும் அநியாயம்.

மொழி பெரிய கேள்வி. தருமபுரியிலிருந்து பெங்களூர் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடுகிற தூரம்; அங்கே இறையியல் கல்லூரிகள் ஏராளம், படிப்பு ஆங்கிலத்தில். தமிழில் ஆழமாகப் படிக்க மதுரை. தமிழ்வழி படித்த பிள்ளை முதலாண்டிலேயே கிரேக்கம், எபிரெயம், ஆங்கிலம் என்று மூன்று அந்நிய மொழிகளைச் சுமந்து திணறுவதைவிட, தமிழ்வழியில் தொடங்குவது உத்தமம். பெண் பிள்ளைகள் தனியாக ஒன்று கேட்க வேண்டும். சி.எஸ்.ஐ. 1976 முதல் பெண்களுக்குக் குருப்பட்டம் தருகிறது. 2013இல் நந்தியாலுக்குப் பெண் பேராயரும் வந்தார். சுதந்திரச் சபைகள் பலவற்றில் பி.டி.எச். முடித்த பெண்ணுக்குக் கிடைக்கும் பதவி 'பாஸ்டரம்மா' மட்டுமே, அதுவும் பாஸ்டரைக் கட்டிக்கொண்டால்.

வீட்டை விட்டுப் போகாமலும் படிக்கலாம். 1963இல் குவாத்தமாலாவின் பிரஸ்பிட்டேரியன் செமினரி, மலைக்கிராமத்து ஊழியர்களை விடுதிக்கு வரவழைக்காமல் ஆசிரியர்களை அவர்களிடம் அனுப்பியது. அந்த முறை உலகெங்கும் பரவியது; இந்தியாவில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட டாஃப்டீ என்ற அமைப்பு அதை நடத்துகிறது. விவசாயம் பார்த்துக்கொண்டே சபை நடத்துகிற ஏரியூர்ப் பக்கத்து ஊழியருக்கு மூன்றாண்டு விடுதி வாசத்தைவிட இதுவே ஏற்றது என்பேன்.

டாக்டர் பட்டம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒரு தனி அமைப்பு விழா எடுத்துப் பிரபலங்களுக்குக் 'கௌரவ டாக்டர்' பட்டம் வழங்கி, பிறகு அது போலி என்று ஊரே சிரித்தது. கன்வென்ஷன் போஸ்டர்களில் 'ரெவ. டாக்டர்' என்று போடுகிறவர்களில் சிலரின் பட்டமும் இந்த ஜாதிதான்.

என் முடிவு இது: பென்னாகரத்துப் பிள்ளை முதலில் ஒரு சாதாரண பி.ஏ.வோ பி.எஸ்சி.யோ பி.காம்.மோ முடிக்கட்டும். பொறுக்க முடியாத ஊழிய வாஞ்சை என்றால், இறையியல் கல்லூரியில் இருந்துகொண்டே இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ அஞ்சல்வழிப் பட்டம் எழுதட்டும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க 2022 ஏப்ரலிலிருந்து பல்கலைக்கழக மானியக் குழுவே அனுமதிக்கிறது. பிளஸ் டூ தவறியவர்கள் கவனிக்க: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009ஆம் ஆண்டு அரசாணை 107 சொல்கிறது. ஆகவே பிளஸ் டூவை எழுதித் தேறிவிட்டுத்தான் மற்றது. இறையியலைப் பல்கலைக்கழக முறையில் படிக்க விரும்பும் பட்டதாரிக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இயல் துறையே இருக்கிறது.

கடைசியாகப் பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிற போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கடிதம் இல்லாமல் எந்த வேதாகமக் கல்லூரியும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை. கையெழுத்துப் போடுமுன் அந்தக் கல்லூரிக்கு ஒரு முறை நேரில் போய், நூலகத்தைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்; போன வருடம் முடித்த ஐந்து பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள்; அவர்களில் இரண்டு பேருக்காவது போன் செய்து பேசுங்கள். படித்துத் திரும்புகிறவனுக்கு உங்கள் சபையில் என்ன வேலை, என்ன சம்பளம் என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.